அடிக்கும் முன் நீளும் நேரம்: டிவியில் கோல்ஃப் ஏன் பிடித்துப்போகிறது

ஒரு தொழில்முறை கோல்ஃப் வீரர் ஒரு நாளில் 18 குழிகளை முடிக்க ஏறக்குறைய 70 தடவை பந்தை அடிக்கிறார். மட்டையை ஓங்கி அடித்து முடிக்க ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி போதும். எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அவர் புல்வெளியில் இருப்பது நாலு, நாலரை மணித்தியாலம். மிச்ச நேரம் முழுக்க நடக்கிறார், நிற்கிறார், குந்தியிருந்து புல்லைப் பார்க்கிறார், பின்பொக்கெட்டில் இருக்கும் சின்னக் கொப்பியைப் புரட்டுகிறார், ஒரு மட்டையை எடுத்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைக்கிறார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கொழும்பு வீடுகளில் ரிமோட் தற்செயலாகக் கோல்ஃபில் நின்றால் “இதில என்ன கிடக்கு?” என்று யாராவது கேட்பது அதனால்தான். நியாயமான கேள்வி. பந்து எப்போதாவதுதான் நகர்கிறது, ஆளோடு ஆள் மோதுவதில்லை, கைதட்டல்கூட அளவோடுதான். இருந்தும் இந்த ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்துப் பழகியவர்கள் விடியற்காலைக்கு அலாரம் வைத்து எழும்புகிறார்கள். வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொடாதவர்களும் அதில் அடக்கம். நானும் அவர்களில் ஒருவன். என்னைக் கேட்டால், அந்த மிச்ச நாலு மணித்தியாலம்தான் டிவி கோல்ஃபின் உயிர். ஒரு மனிதர் முடிவெடுப்பதை, அதற்கு ஆகும் முழு நேரத்தோடும், இவ்வளவு கிட்ட இருந்து வேறெந்த விளையாட்டும் எனக்குக் காட்டியதில்லை.

பந்து சும்மா கிடக்கிறது

கிரிக்கெட்டில் மட்டையாளருக்கு யோசிக்க நேரம் கிடையாது. மாலிங்கவின் யோர்க்கர் கையை விட்டு வந்து காலடியில் விழ அரை விநாடிதான். அதற்குள் கையும் காலும் பழக்கத்தில் இயங்குகின்றன. அவர் என்ன நினைத்தார் என்பதை நாம் பிறகு ஊகிக்க வேண்டியதுதான். கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. யாரும் எறியவில்லை, யாரும் மறிக்கவில்லை. அடிப்பவர் தயாராகும்வரை அது அங்கேயே கிடக்கும். அதனால் யோசனைக்கு நேரம் கிடைக்கிறது, கூடவே பயத்துக்கும் கிடைக்கிறது. தவறு நடந்தால் பழிபோட ஆளும் இல்லை. நல்ல பந்து, மோசமான அம்பயர், ஸ்லிப்பில் நின்றவரின் அதிர்ஷ்டம் என்று சொல்ல எதுவும் கிடையாது. காற்றைச் சொல்லலாம். ஆனால் அதைக் கணக்கில் எடுப்பதும் அவர் வேலைதான்.

அந்த யோசனை நம் காதில் விழுவது, வீரர் தன் கெடியோடு கதைக்கும்போது. கெடி என்பவர் மட்டைப் பையைச் சுமந்தபடி கூடவே நடக்கும் உதவியாளர். தனிநபர் போட்டியில் வீரர் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். பையில் கூடினால் 14 மட்டைகள். கொடிக்கு எத்தனை யார்ட், கிரீனின், அதாவது குழியைச் சுற்றி மட்டமாக வெட்டிய புல்தரையின், முன்விளிம்புக்கு எத்தனை, நடுவில் தண்ணீர் இருந்தால் அதைத் தாண்ட எத்தனை என்று கெடி சொல்கிறார். ஒரு சிட்டிகை புல்லைப் பிடுங்கித் தூவிக் காற்றைப் பார்க்கிறார்கள். கீழே காற்று இல்லை, மரங்களின் உச்சி மட்டும் அசைகிறது. எட்டாம் நம்பர் மட்டையைக் கொஞ்சம் அடக்கி அடிப்பதா, ஒன்பதாம் நம்பரை முழு வேகத்தில் அடிப்பதா? வீரரின் கை எட்டில் போய், விலகி, ஒன்பதுக்கு வருகிறது. கெடி ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார். அல்லது “எட்டுத்தான் சரி” என்ற மாதிரி ஒரு வரி சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார். இவ்வளவும் மைக்கில் கேட்கிறது. நல்ல வர்ணனையாளர்கள் இந்த இடத்தில் பேச மாட்டார்கள். இப்போது நமக்கும் இரண்டு வழியும் தெரியும், இரண்டிலும் உள்ள ஆபத்தும் தெரியும். பிறகு வரும் அந்த இரண்டு விநாடியை நாம் பார்க்கும் விதமே வேறு.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2017 பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாள். இங்கிலாந்தின் ராயல் பேர்க்டேல் மைதானம். குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் வெல்வார்; அமெரிக்கரான ஜோர்டன் ஸ்பீத் மூன்று அடி முன்னிலையோடு தொடங்கி, முதல் ஒன்பது குழிகளுக்குள் அதை முழுவதும் தொலைத்துவிட்டார். 13ஆவது குழியில் முதல் அடியே வலப்பக்கமாக வெகுதூரம் போய், மணல்மேட்டுப் புதருக்குள் விழுந்தது. அங்கிருந்து அடிக்க முடியாது. ஓர் அடியைத் தண்டமாகக் கொடுத்தால் பந்தை வேறு இடத்தில் வைக்கலாம், சரி, எங்கே? கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் எவ்வளவு தூரமும் போகலாம் என்கிறது விதி. அந்தக் கோட்டில் போய்க்கொண்டே இருந்தால் பயிற்சித் திடல் வருகிறது. அது எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று நடுவரைக் கேட்கிறார். உள்ளேதான். அங்கே நிறுத்தியிருந்த லொறிகளுக்குப் பக்கத்தில் பந்தைப் போட்டு, மேட்டுக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாத கிரீனை நோக்கி அடிக்க வேண்டும். ஸ்பீத் மேட்டில் ஏறி இறங்குகிறார். கெடி மைக்கல் கிரெல்லரோடு தூரம் பற்றி வாதாடுகிறார். இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. கூட ஆடிய மாட் கூச்சர் அத்தனை நேரமும் கிரீன் பக்கத்தில் காத்து நிற்கிறார்.

அந்தக் குழியை ஸ்பீத் ஒரே ஓர் அடி நட்டத்தோடு முடித்தார். அப்புறம் அடுத்த நாலு குழிகளில் பாரை, அதாவது குழிக்குக் குறித்த எதிர்பார்ப்பு எண்ணிக்கையை, விட மொத்தம் ஐந்து அடி குறைத்து, மூன்று அடி வித்தியாசத்தில் கிண்ணத்தை எடுத்தார். விளையாட்டுச் செய்தியில் காட்டிய சுருக்கத்தில் அந்த ஐந்து அடி மட்டும்தான் வந்தது. நேரலையில் பார்த்தவர்களுக்கு ஆட்டம் அந்த இருபது நிமிடத்தில் இருந்தது. பந்து அசையவே இல்லை, ஒரு மனிதர் மேட்டில் ஏறி இறங்குகிறார், எங்களுக்கு இரவுச் சாப்பாட்டை எடுத்து வைக்கக்கூட எழும்ப மனமில்லை.

மைதானத்தில் இருப்பவருக்குத் தெரியாதது

கிரிக்கெட்டில் ஒரு பந்துதான். கமரா அதன் பின்னால் போனால் போதும். பெரிய கோல்ஃப் போட்டி ஒன்றில் வியாழக்கிழமை 150 பேர் போலக் களமிறங்குவார்கள். 18 குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். நேரில் போய்ப் பார்ப்பவர் ஒரு கிரீனுக்குப் பக்கத்தில் நின்றால் அங்கே வருகிறவர்களை மட்டும் பார்ப்பார். ஒரு வீரரின் பின்னால் நடந்தால் அவரை மட்டும். தூரத்தில் ஆரவாரம் கேட்டால் அங்கே என்ன நடந்தது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். முழுக் கதையும் தெரிந்தவர் டிவிக்கு முன்னால் இருப்பவர்தான். இந்த ஒரு விஷயத்தில் கொழும்பில் இருக்கும் நமக்கும் அமெரிக்காவில் டிக்கெட் வாங்கியவருக்கும் நடுவில் ஆதாயம் நம் பக்கம்.

அந்தக் கதையைக் கட்டுவது எப்படி என்று கண்டுபிடித்தவர் என்றால் ஃபிராங்க் சர்கினியன் பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒகஸ்டா நகரில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை சிபிஎஸ் தொலைக்காட்சி முதன்முதலில் காட்டியது 1956இல். சர்கினியன் 1959 முதல் 1996 வரை அந்த ஒளிபரப்பை நடத்தினார். அவருக்கு முன் திரையில் வீரர் அதுவரை அடித்த மொத்த அடிகளைத்தான் போடுவார்கள். ஒருவர் 12 குழிகளை முடித்திருப்பார், இன்னொருவர் 15. மொத்தத்தை மட்டும் பார்த்தால் யார் முன்னால் என்று யாருக்கும் விளங்காது. ஒவ்வொரு குழிக்கும் பார் என்று ஓர் எதிர்பார்ப்பு எண் உண்டு: மூன்று, நாலு அல்லது ஐந்து. அந்த எண்ணுக்கு எத்தனை கூட, எத்தனை குறைவு என்று மட்டும் காட்டினால் போதும் என்றார் சர்கினியன். இன்று உலகமே அந்த முறையில்தான் கோல்ஃப் பார்க்கிறது. குழியின் உட்பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கவைத்ததும் அவர்தான், கமராவில் தெரியட்டும் என்று. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீற்றர். பச்சைப் புல்லில் அந்த இருண்ட வட்டத்தை அன்றைய டிவிப் பெட்டியில் தேடிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ் வர்ணனை இல்லாத வீட்டில் அந்தக் கூட்டல் கழித்தல் முறை பெரிய உதவி. ஆங்கில வர்ணனையில் ஆர்வமில்லாத அம்மம்மாவுக்கும் “மைனஸ் போட்டவர் முன்னுக்கு நிக்கிறார், மைனஸ் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லம்” என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு அவர் தானாகவே ஓர் ஆளைத் தெரிந்தெடுத்து, அவருக்காகக் கவலைப்படத் தொடங்கிவிடுவார்.

சர்கினியனுக்குப் பிறகு வந்தவற்றில் மிகப் பெரியது, பந்தின் பறப்பைத் திரையில் வண்ணக் கோடாக வரையும் தொழில்நுட்பம். ஸ்வீடனில் உருவானது, 2000களின் பிற்பகுதியிலிருந்து ஒளிபரப்புகளில் பரவியது. அதற்கு முன் பந்து வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, முகில் இருந்தால் அதுவும் இல்லை. இப்போது பந்து வலப்பக்கம் கிளம்பி, மரங்களைச் சுற்றி, இடப்பக்கமாக வளைந்து கிரீனில் இறங்குவதைக் கோடு காட்டித் தருகிறது. வளைவு தற்செயல் இல்லை, அவர் நினைத்து அடித்தது என்று புதிதாகப் பார்ப்பவருக்கும் அப்போதுதான் விளங்குகிறது. மட்டை பிடிக்கத் தெரியாத நமக்கு இது பெரிய கதவு.

டிவி மறைப்பதும் உண்டு. சரிவைக் கமரா தட்டையாக்கிவிடும். ஒகஸ்டாவின் 18ஆவது குழி கிரீனை நோக்கி நன்றாக மேலேறுகிறது, நேரில் பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லி வியக்கிறார்கள். திரையில் அது ஏறக்குறைய சமதரை. கிரீனில் பந்து ஏன் திடீரென்று இடப்பக்கம் வளைகிறது என்று நமக்குத் தெரியாததும் இதனால்தான். வீரர் குந்தியிருந்து, கண்ணைச் சுருக்கி, குழியைச் சுற்றி நடந்து எதைப் பார்க்கிறாரோ அதை நாம் அவர் முகத்திலிருந்துதான் படிக்க வேண்டும்.

எட்டு அடி

பாரில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டல் சேர்த்தி. கிரீனில் பந்தைத் தரையோடு தள்ளிவிடும் அந்த அடியைப் பட் என்பார்கள். பார் 72 என்றால் அதில் பாதி, 36, இந்த உருட்டல்களுக்கு ஒதுக்கியது. முந்நூறு யார்ட் பறக்கும் அடியும் ஒன்றுதான், ஓர் அடி தூரம் உருட்டுவதும் ஒன்றுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் சலிப்பது இந்த இடத்தில். பழகியவர்கள் மூச்சைப் பிடிப்பதும் இந்த இடத்தில்.

நினைவில் வைக்க வேண்டிய தூரம் எட்டு அடி. அங்கிருந்து உலகின் தலைசிறந்த வீரர்களும் ஏறக்குறைய பாதித் தடவைதான் போடுகிறார்கள். மூன்று அடி என்றால் அநேகமாக விழும், இருபது அடி என்றால் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எட்டு அடியில்தான் எதையும் சொல்ல முடியாது. 2009இல் ஸ்கொட்லாந்தின் டேர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் டொம் வொட்சன் கடைசிக் குழிக்கு வந்தபோது அவருக்கு 59 வயது. ஓபனை ஐந்து தடவை வென்றவர், ஆனால் கடைசியாக வென்றது 1983இல். அந்த வயதில் பெரிய போட்டி ஒன்றை யாருமே வென்றதில்லை. இரண்டாவது அடி அழகாகப் போய், கிரீனில் குத்தி, கொஞ்சம் அதிகமாக ஓடிப் பின்னால் இறங்கிவிட்டது. அங்கிருந்து திருப்பி அடித்ததில் கிட்டத்தட்ட எட்டு அடி மிச்சம். அதைப் போட்டால் கிண்ணம் அவருக்கு. அவர் தள்ளிய தள்ளலில் வேகமே இல்லை, பந்து குழியை எட்டாமல் விலகிப் போனது. பிறகு சமநிலையை உடைக்க நடந்த நாலு குழி மேலதிக ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார். சிங்க் பாவம், அருமையாக ஆடியவர். ஆனால் அந்த வருடத்தை நினைப்பவர்கள் எல்லோரும் வொட்சனைத்தான் நினைக்கிறார்கள்.

தோற்றவரை இப்படி நெஞ்சில் வைத்திருக்கும் பழக்கம் கோல்ஃப் பார்ப்பவர்களுக்கு அதிகம். 1999இல் ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் பிரான்ஸின் ஜோன் வான் டி வெல்டே கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையோடு வந்தார். ஆறு அடியில் முடித்திருந்தாலும் போதும். பந்து ஓடைக்குள் போனது, அவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று அங்கிருந்தே அடிக்கலாமா என்று பார்த்தார். ஏழு அடியானது, மேலதிக ஆட்டத்தில் தோற்றார். தொடக்கத்திலேயே பாதுகாப்பாக ஆடியிருக்கலாமே என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. முடிவெடுக்க அவருக்கு நேரம் இருந்தது, நாமும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், அதனால்தான் வாதம் ஓயவில்லை.

கொழும்பு நேரமும் சித்திரையும்

இலங்கையில் இருந்து பார்ப்பவருக்கு நேர வித்தியாசம் ஆட்டத்தின் சுவையையே மாற்றுகிறது. ஒகஸ்டாவுக்கும் நமக்கும் ஏப்ரலில் ஒன்பதரை மணித்தியாலம். அங்கே ஞாயிறு மாலை ஏழு மணி என்றால் இங்கே திங்கள் அதிகாலை நாலரை. மாஸ்டர்ஸ் ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டி வருவதால் நமக்கு அது சித்திரைப் புத்தாண்டோடு போய் முட்டுகிறது.

2019இல் கடைசி நாள் ஏப்ரல் 14, புத்தாண்டு தினமேதான். இடிமழை வரும் என்று ஆட்டத்தைக் காலையிலேயே தொடங்கிவிட்டார்கள், அதனால் நமக்கு அது இரவு நிகழ்ச்சியானது. டைகர் வூட்ஸ் பெரிய போட்டி ஒன்றில் கடைசியாக வென்றது 2008இல். இடையில் முதுகில் பல அறுவைச் சிகிச்சைகள். வயது 43. அன்று தீர்மானமான இடம் 12ஆவது குழி: 155 யார்ட்தான், முன்னால் ஓடை, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாத மூலை. முன்னுக்குப் போன குழுவில் இரண்டு பேர் தண்ணீரில் போட்டார்கள். வூட்ஸோடு ஆடிய மொலினாரி, இரண்டு அடி முன்னிலையில் இருந்தவர், அவரும் தண்ணீரில். கொடி வலப்பக்கம் இருந்தது. வூட்ஸ் கொடியைப் பார்க்கவே இல்லை. கிரீனின் இடப்பக்கம், தண்ணீருக்குத் தூரமாக அடித்துவிட்டு நடந்து போனார். அழகான அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பின்னேரம் ஒகஸ்டாவில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது அதுதான். நள்ளிரவை ஒட்டி அவர் ஓர் அடி வித்தியாசத்தில் வென்றபோது வெள்ளவத்தையில் விருந்தாளிகள் போய் வீடு அடங்கியிருந்தது.

2025 இன்னும் நெருக்கம். அந்த வருடம் புத்தாண்டு பிறந்ததே ஏப்ரல் 14 அதிகாலையில். மருத்துநீர் வைக்க எழும்பியவர்கள் டிவியையும் போட்டுவைத்திருக்கலாம். ரோரி மெக்கில்ரோய் கோல்ஃபின் மிகப் பெரிய நாலு போட்டிகளில் மூன்றை வென்றவர், மாஸ்டர்ஸ் மட்டும் கைக்கு வரவில்லை. 2011இல் நாலு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்துச் சிதறியவர். பெரிய போட்டி எதையும் வென்று பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தத் தடவை இரண்டு அடி முன்னிலை, முதல் குழியிலேயே அது போனது. திரும்பப் பிடித்து நாலு அடி முன்னால் போனார். 13ஆவது குழியில் மிக லேசான ஒரு சின்ன அடியை ஓடைக்குள் போட்டார். 15இல் மரங்களைச் சுற்றி வளைத்து ஓர் அடி, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற கோடு. 18இல் வெல்வதற்கு ஐந்து அடி தூர உருட்டல், போகவில்லை. ஜஸ்டின் ரோஸோடு மேலதிக ஆட்டம். முதல் குழியிலேயே கொடிக்குக் கிட்டப் போட்டு முடித்தபோது இங்கே மணி ஏறக்குறைய நாலே முக்கால். அவர் முழந்தாளில் விழுந்து குலுங்கி அழுதார். நாலையும் வென்ற ஆறாவது மனிதர்.

இதை எழுதும்போதே நெஞ்சு அடிக்கிறது. நாலு மணித்தியாலமாக ஒருவரின் நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வருவதைக் கூடவே இருந்து பார்த்த பிறகு, அந்த அழுகைக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. சுருக்கக் காட்சியில் பார்த்தால் ஒரு பணக்கார விளையாட்டு வீரர் புல்லில் விழுந்து அழுகிறார், அவ்வளவுதான்.

மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே

கொழும்பில் கோல்ஃப் புதிதில்லை. கொழும்பு கோல்ஃப் கழகம் தொடங்கியது 1879இல், முதலில் ஆடியது காலிமுகத் திடலில். 1896இல் பொரளைப் பக்கம் இப்போதிருக்கும் இடத்துக்கு மாறியது, 1928இல் ‘ரோயல்’ பட்டம் கிடைத்தது. களனிவெளி ரயில் பாதை அந்தப் புல்வெளிக்கு நடுவால்தான் போகிறது. மருதானையிலிருந்து நாரஹேன்பிட்டிப் பக்கம் போகும் அலுவலக ரயிலில் வாசலில் தொங்குகிறவர்களுக்கு ஒரு நிமிடம் பச்சை தெரியும், பிறகு மறையும். நம்மில் பெரும்பாலானோருக்குக் கோல்ஃபோடு உள்ள நேரடித் தொடர்பு அந்த ஒரு நிமிடம்தான். அதே பொரளைப் பக்கத்தில்தான் தமிழ் யூனியன் கழகத்தின் சரவணமுத்து மைதானம் இருக்கிறது, 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடிய இடம். கிரிக்கெட் அங்கிருந்து ஒழுங்கைக்கு ஒழுங்கை இறங்கி வந்தது. கோல்ஃப் மதிலைத் தாண்டவில்லை. காணியும் காசும் கேட்கிற விளையாட்டு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் தெற்காசியாவில் இந்த ஆட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே தொழில்முறை வீரர்களில் பலர் பை சுமந்த பிள்ளைகள். அடுத்தவரின் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடிப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். இந்தியாவின் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்ற இலங்கையர் என். தங்கராஜாவின் பெயரும், அதே சுற்றில் ஆடிய கே. பிரபாகரனின் பெயரும் நம் வீடுகளில் கிரிக்கெட் வீரர்களின் பெயர்போலத் தெரிந்திருக்க வேண்டியவை. தெரியாததற்கு ஒரு காரணம், நாம் இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பழகாதது.

பழகுவதற்கு அதிக நாள் எடுக்காது என்பதற்கு 2021 ஓகஸ்ட் 7 சாட்சி. டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றில் இந்தியாவின் அதிதி அசோக் இரண்டாம் இடத்தில் நின்றார். உலகத் தரவரிசையில் 200ஆவது இடம். அதற்கு முன் கோல்ஃபே பார்க்காதவர்கள் அதிகாலையில் எழும்பி உட்கார்ந்தார்கள். அதிதி மற்றவர்களைப் போலத் தூரம் அடிப்பவர் இல்லை. முதல் அடியில் பின்தங்கி, உருட்டலில் பிடித்துப் பிடித்து வந்தார். ஓர் அடியில் வெண்கலம் தவறி நாலாவது ஆனார். அன்று காலை பார் என்றால் என்ன, உருட்டலின் அருமை என்ன என்று கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒருவருக்காகக் கவலைப்படத் தொடங்கினால் விதிகள் தாமாக விளங்கிவிடுகின்றன.

அதே வருடம் ஏப்ரலில் ஹிடெகி மட்சுயாமா மாஸ்டர்ஸை வென்ற முதல் ஜப்பானியரானார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கமரா மட்டும் அவருடைய கெடி ஷோடா ஹயாஃபுஜியிடம் தங்கியது. அவர் கொடிக்கம்பைத் திரும்பக் குழியில் நட்டார், தொப்பியைக் கழற்றினார், ஆளில்லாத புல்வெளியைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். நம் ஊரில் மேடை ஏறும் முன் தொட்டுக் கும்பிடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

இந்த ஈர்ப்பைக் கெடுக்கவும் முடியும். 2022இல் சவூதி முதலீட்டில் தொடங்கிய லிவ் கோல்ஃப், 48 பேர், 54 குழிகள், எல்லோரும் வெவ்வேறு குழிகளில் ஒரே நேரத்தில் தொடக்கம், யாரும் வெளியேறத் தேவையில்லை என்று வந்தது. வேகமாக இருக்கும் என்று நினைத்தார்கள். எனக்குப் பார்க்க முடியவில்லை. முன்னிலைக்குப் போட்டிபோடும் ஒருவர் நாளின் கடைசி அடியை மூன்றாம் குழியிலோ வேறெங்கோ அடித்து முடித்தால், எல்லாக் கதையும் 18ஆவது கிரீனில் வந்து சேரும் அந்த ஒழுங்கு போய்விடுகிறது. நட்டம் வராது என்று தெரிந்தவரின் முகத்தில் படிப்பதற்கும் அதிகம் இல்லை. விளம்பரமும் இதேபோல்தான் கெடுக்கும்: கெடியும் வீரரும் வாதாடும்போது வெட்டிப் போய்விட்டுப் பந்து விழுந்த பிறகு திரும்பி வந்தால், பார்த்ததற்கு அர்த்தமே இல்லை. மாஸ்டர்ஸின் அமெரிக்க ஒளிபரப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு நாலு நிமிடம்தான் விளம்பரம் என்ற கட்டுப்பாடு பல வருடமாக இருக்கிறது. அதை அவர்கள் கைவிடாதது மிகச் சரியான முடிவு.

புதிதாகப் பார்க்க நினைக்கும் கொழும்பு வாசகருக்கு நான் சொல்வது ஜூலையில் வரும் பிரிட்டிஷ் ஓபனை. பிரித்தானியக் கோடை நேரத்துக்கும் நமக்கும் நாலரை மணித்தியாலம்தான். காலை பதினொரு மணி போல் தொடங்கும், ஞாயிறு இரவு பதினொரு மணியளவில் முடியும், வேலைக்கும் தூக்கத்துக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், வெள்ளி இரவே உட்காருங்கள். இரண்டு நாள் முடிவில் முதல் 70 இடங்களில் இருப்பவர்களும் எழுபதாவது ஆளோடு சமமாக நிற்பவர்களும் மட்டும் சனிக்கிழமைக்குப் போவார்கள், மற்றவர்கள் பையைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கோடு வெள்ளி இரவு முழுக்க மேலும் கீழும் அசையும். கோட்டுக்கு அருகில் நிற்கும், பெயர் கேள்விப்படாத ஒருவரைத் தெரிந்தெடுங்கள். கமரா அவர் பக்கம் எப்போதாவதுதான் போகும், புள்ளிப் பட்டியலில் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி, பிரித்தானியாவில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும்போது, அவர் 18ஆவது கிரீனில் எட்டு அடி தூரத்தில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கக்கூடும்.